தண்ணீர் மெஷின் முதல் ஆட்டோகேட் வரை: இண்டரப்ட், டைமர் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

கோலாலம்பூர் செந்தூலில் என் மேசைக்கு வரும் போர்டுகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, அடுக்குமாடிகளின் கீழே நிற்கும் தண்ணீர் மெஷின். பத்து காசு, இருபது காசு போட்டால் பாட்டிலில் தண்ணீர் விடுமே, அது. இன்னொன்று ஆட்டோகேட், மோட்டார் திறந்து மூடும் வாசல் கேட். உள்ளே மூளையாக ஏடிமெகா328பி சிப் இருக்கும், இல்லாவிட்டால் ஈஎஸ்பி32, எப்போதாவது எஸ்டிஎம்32. கொண்டு வருபவர் சொல்லும் குறை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருந்தாலும், பிரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே சில காரணங்கள்தான் வருகின்றன. இப்போது இந்த வேலையில் இறங்கும் தம்பி தங்கைகள் என்னைப் போல வாரக்கணக்கில் தேட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

ஒரு பின்னிலோ டைமரிலோ ஏதாவது நடந்ததும் சிப் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கப் போவதுதான் இண்டரப்ட். இண்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனை இனி ஐஎஸ்ஆர் என்றே எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைக் கழற்றுங்கள். இந்த மெஷின்களில் போர்டுக்கு ஒரு சாண் தள்ளி 230 வோல்ட் ஓடுகிறது, பவர் சப்ளையின் கெப்பாசிட்டரில் பிளக் எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கும்.

அப்புறம், கோடை (சிப்பில் ஏற்றிய புரோகிராமை) உடனே மாற்றாதீர்கள். இண்டரப்ட் கோளாறு மேசையில் வைத்துப் பார்க்கும்போது வராது, மெஷின் இருக்கும் இடத்தில் நாளைக்கு மூன்று முறை வரும். நீங்கள் ஒரு வரியை மாற்றி, அன்றைக்கு அது வராமல் போனால் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவீர்கள், மறுவாரம் அதே வீட்டிலிருந்து ஃபோன் வரும். அதனால் முதலில் கோளாறு தடயம் விட்டுப் போகிற மாதிரி செய்ய வேண்டும். நான் செய்வது இதுதான். காலியாக உள்ள ஒரு பின்னை ஐஎஸ்ஆரின் முதல் வரியில் ஹை ஆக்கி, கடைசி வரியில் லோ ஆக்குவேன். டிஜிட்டல்ரைட் வேண்டாம், அதுவே சில மைக்ரோ விநாடியைத் தின்னும். போர்ட் ரிஜிஸ்டரில் நேராக எழுதுங்கள். அந்தப் பின்னையும் சென்சர் பின்னையும் லாஜிக் அனலைசரில் (பின்கள் ஏறி இறங்குவதை வரைந்து காட்டும் கருவி) மாட்டினால் எத்தனை முறை உள்ளே போனது, எவ்வளவு நேரம் இருந்தது, எந்தப் பல்ஸுக்குப் போகவில்லை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். 8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் மலிவு அனலைசர் போதும். ஜாலான் பசார் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, போர்டு ஸ்டார்ட் ஆகும்போது எதனால் ரீசெட் ஆனது என்பதைப் படித்து ஈஈப்ராமில் (பவர் போனாலும் அழியாத மெமரி) எழுதி வையுங்கள். ஏடிமெகாவில் எம்சியுஎஸ்ஆர் என்ற ரிஜிஸ்டர் அதைச் சொல்லும், ஆனால் ஆப்டிபூட் மாதிரி பூட்லோடர் (உங்கள் கோடுக்கு முன் ஓடும் சின்ன புரோகிராம்) இருந்தால் உங்கள் கோட் தொடங்கும் முன்பே அதை அழித்துவிடும், பூட்லோடர் இல்லாமல் ஏற்றிப் பாருங்கள். ஈஎஸ்பி32-இல் ரீசெட் காரணத்தைக் கேட்க ஃபங்ஷனே இருக்கிறது.

அறிகுறி 1: எண்ணிக்கை கூடுகிறது

ஒரு பத்து காசு போட்டால் இருபது காசு ஏறுகிறது, யாரும் காசே போடாமல் தண்ணீர் வருகிறது. என்னிடம் அதிகம் வரும் குறை இது.

சரியாக இரண்டு மடங்கா, இல்லை கண்டபடியா? முதலில் இதைப் பிரியுங்கள். இருபது முறை காசு போட்டு எழுதிப் பாருங்கள்.

சரியாக இரண்டு மடங்கு என்றால்

இண்டரப்ட் எந்த விளிம்பில் என்று பாருங்கள். ‘சேஞ்ச்’ என்று வைத்திருந்தால் பல்ஸ் இறங்கும்போது ஒன்று, ஏறும்போது ஒன்று. ‘ஃபாலிங்’ என்று மாற்றினால் முடிந்தது. எஸ்டிஎம்32 என்றால் இன்னொரு இடம் உண்டு: ஐஎஸ்ஆரின் கடைசி வரியில் இண்டரப்ட் கொடியை (இண்டரப்ட் வந்ததைக் குறித்து வைக்கும் பிட்) அழித்திருப்பார்கள், அந்த எழுத்து பெரிஃபெரல் வரை போய்ச் சேர்வதற்குள் ஐஎஸ்ஆர் முடிந்துவிடும், சிப் கொடி இன்னும் நிற்பதாக நினைத்து மறுபடி உள்ளே நுழையும். கொடியை அழிப்பதை முதல் வரிக்கு ஏற்றுங்கள்.

கண்டபடி என்றால்

மல்டிமீட்டரை எடுங்கள். காசு போடாத நேரத்தில் அந்தப் பின்னில் 5 வோல்ட் (ஈஎஸ்பி32, எஸ்டிஎம்32 என்றால் 3.3 வோல்ட்) நிலையாக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் புல்-அப் இல்லை. காயின் அக்செப்டரின் சிக்னல் வயர் பெரும்பாலும் ஓப்பன் கலெக்டர், அதாவது கீழே இழுக்கத்தான் தெரியும், மேலே தூக்க நாம்தான் ரெசிஸ்டர் போட வேண்டும். ஏடிமெகாவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோஓம். மேசையில் போதும், இரண்டு மீட்டர் வயருக்குப் போதாது. ஈஎஸ்பி32-இன் 34 முதல் 39 வரையுள்ள பின்களில் உள் புல்-அப்பே கிடையாது, கோடில் கேட்டாலும் வராது, வெளியே மாட்டித்தான் ஆக வேண்டும். அதிலும் 36, 39 இரண்டும் சிப்பின் சொந்தக் குறையால் ஏடிசி போன்ற சில பகுதிகள் பவர் ஆகும் நேரத்தில் சுமார் 80 நானோ விநாடி லோ ஆகும். இண்டரப்ட்டுக்கு அந்த இரண்டைத் தொடவே வேண்டாம்.

புல்-அப் சரியாக இருந்தால் அடுத்தது பவுன்ஸ். பட்டன், ரீட் சுவிட்ச், லிமிட் சுவிட்ச் எல்லாம் ஒரு முறை அழுத்தினால் சில மில்லி விநாடிக்குள் பல முறை தொட்டு விடும். அனலைசரில் பார்த்தால் ஒரே அழுத்தத்துக்குப் பத்துக் கோடு தெரியும். இங்கே என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்: மனிதன் கை படும் எதற்கும், காசுக்கும் சேர்த்து, வெளி இண்டரப்ட்டே வேண்டாம். 1 மில்லி விநாடிக்கு ஒரு முறை அடிக்கும் டைமரில் பின்னைப் படியுங்கள், தொடர்ந்து 10 முறை லோ என்று வந்தால்தான் லோ. காயின் அக்செப்டரின் பல்ஸ் அமைப்பைப் பொறுத்து 20 முதல் 100 மில்லி விநாடி வரை நீளும், இப்படிப் படித்தால் ஒன்றும் தவறாது, குறுகலான சத்தமெல்லாம் (வயரில் நுழையும் மின் குழப்பம்) தானாக விழுந்துவிடும். தண்ணீர் மெஷினில் இதை மாற்றிய பிறகு அதே குறைக்குத் திரும்பி வந்த போர்டு என்னிடம் மிகக் குறைவு.

இப்போது கஷ்டமான இடம்: பம்ப் ஓடும்போது மட்டும் எண்ணிக்கை ஏறுகிறது. கெப்போங் பக்கம் ஒரு பிளாட்டில் இருந்த மெஷின், பம்ப் நிற்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இலவசத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது, காலையில் அங்குள்ள அம்மாக்கள் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பாட்டிலோடு நின்றார்கள், மெஷின்காரர் மாதம் முழுக்கக் கணக்கு இடிக்கிறதே என்று தவித்தார். இதைப் பிரிக்க ஒரு சோதனை போதும். சென்சர் வயரைப் போர்டு முனையில் கழற்றுங்கள். அந்தப் பின்னை 1 கிலோஓம் வழியாக 5 வோல்ட்டில் (ஈஎஸ்பி32, எஸ்டிஎம்32 என்றால் 3.3 வோல்ட்டில்) கட்டுங்கள். இப்போது பம்பை ஓட்டி நிறுத்துங்கள்.

எண்ணிக்கை நின்றுவிட்டதா? சத்தம் வயர் வழியாக வருகிறது. சென்சர் வயரும் பம்ப் வயரும் ஒரே கேபிள் டையில் கட்டியிருப்பார்கள், முதலில் பிரித்து ஒரு கை அகலமாவது தள்ளி ஓட்டுங்கள். அப்புறம் 4.7 கிலோஓம் புல்-அப்பும், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நானோஃபேரட் கெப்பாசிட்டரும். இரண்டும் சேர்ந்தால் அரை மில்லி விநாடி மந்தம். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனாலும் ஒய்எஃப்-எஸ்201 ஃப்ளோ சென்சர் விநாடிக்கு 75 பல்ஸ்தான் தரும், இடைவெளி 13 மில்லி விநாடி, அதனால் நல்ல பல்ஸ் எதையும் இது தின்னாது. கெப்போங் மெஷின் இதிலேயே சரியானது. அதற்கும் அடங்காவிட்டால் பிசி817 மாதிரி ஆப்டோகப்ளர் போட்டு சென்சர் பக்கத்தைத் தனியாகப் பிரியுங்கள்.

எண்ணிக்கை நிற்கவில்லையா? சத்தம் பவரிலோ கிரவுண்டிலோ வருகிறது. ரிலே காயிலிலும் சோலனாய்டு வால்விலும் டையோடு இருக்கிறதா பாருங்கள், 1என்4007 போதும், கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். பம்பின் ஏசி பக்கத்தில் ஸ்னப்பர் போடுவதும், மெஷினின் எர்த்தைச் சரிபார்ப்பதும் நம் வேலை இல்லை. எனர்ஜி கமிஷன் சான்றிதழ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லாத மெஷினில் கோட் திருத்தி ஒரு பயனும் இல்லை. ஈரக் கையோடு ஆட்கள் தொடும் மெஷின் அது.

அறிகுறி 2: எண்ணிக்கை குறைகிறது

ஒரு லிட்டர் கேட்டால் ஒன்றேகால் லிட்டர் விடுகிறது, ஆட்டோகேட் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய் நிற்கிறது. பல்ஸ் விழுங்கப்படுகிறது.

முதலில் சென்சரையே சந்தேகப்படுங்கள். ஒய்எஃப்-எஸ்201 லிட்டருக்குச் சுமார் 450 பல்ஸ் என்பது பெயரளவு, ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறும், தண்ணீர் மெதுவாகப் போனால் இன்னும் மாறும். அளவுக்குடுவையில் பிடித்து, அனலைசர் எண்ணிய பல்ஸையும் கோட் எண்ணியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்று என்றால் கோடில் குறை இல்லை, எண்ணை மட்டும் திருத்துங்கள்.

அனலைசர் கூடக் காட்டினால், யாரோ இண்டரப்ட்டை நீண்ட நேரம் மூடி வைத்திருக்கிறார்கள். இண்டரப்ட் கொடி ஒன்றுதான். மூடியிருக்கும் நேரத்தில் ஒரு பல்ஸ் வந்தால் காத்திருக்கும், இரண்டு வந்தால் ஒன்றாகத்தான் எண்ணப்படும். மூடுபவர் யார்? நான் பார்த்தவரை மூன்று பேர். உங்கள் ஐஎஸ்ஆர் ஒன்றே நீளமாக இருக்கலாம், எல்சிடியில் எழுதுவது, ஃப்ளோட் கணக்கு எல்லாம் உள்ளே போட்டிருப்பீர்கள்; ஏடிமெகாவில் ஒரு ஐஎஸ்ஆர் ஓடும்போது மற்றவை தானாகவே மூடியிருக்கும். இரண்டாவது டபிள்யூஎஸ்2812 கலர் எல்ஈடி, தீபாவளிக்கு மெஷின் முகப்பில் சேர்த்துவிட்டுப் போவார்கள்: ஒரு எல்ஈடிக்கு 30 மைக்ரோ விநாடி, 144 எல்ஈடி பட்டைக்கு 4.3 மில்லி விநாடி, அவ்வளவு நேரமும் ஏடிமெகா இண்டரப்ட் மூடித்தான் அனுப்பும். மூன்றாவது டிஎச்டி22 வெப்பநிலை சென்சர், அதன் லைப்ரரியும் படிக்கும்போது சில மில்லி விநாடி மூடும்.

நிவாரணம்: ஐஎஸ்ஆரில் எண்ணை ஒன்று கூட்டு, வெளியே வா, அவ்வளவுதான் இருக்க வேண்டும். மற்ற கணக்கெல்லாம் மெயின் லூப்பில். எல்ஈடி வேண்டும் என்று தவுக்கே (முதலாளி) பிடிவாதம் பிடித்தால் அதற்குத் தனியாக ஒரு சின்ன போர்டு.

அதிலும் நல்ல வழி, எண்ணுவதை ஹார்ட்வேரிடம் கொடுத்துவிடுவது. ஏடிமெகா328பி-யின் டைமர்1-க்கு வெளியிலிருந்து கிளாக் கொடுக்கலாம், ஏடிமெகா328பி உள்ள அர்டுயினோ ஊனோ போர்டில் அது 5-ஆம் பின். பல்ஸை அங்கே மாட்டினால் கோட் என்ன செய்துகொண்டிருந்தாலும் டைமர் எண்ணிக்கொண்டே இருக்கும். ஈஎஸ்பி32-இல் பல்ஸ் கவுண்டர் என்றே ஒரு பகுதி இருக்கிறது, சத்தத்தை வடிகட்டும் ஃபில்டரும் அதிலேயே உண்டு. இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை, எனக்கு அது வருத்தம்.

ஆட்டோகேட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எத்தனை நல்லபடி எண்ணினாலும் கேட் முழுதாக மூடி லிமிட் சுவிட்சைத் தொடும்போது எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், பிசகு சேராது. கேட் நசுக்காமல் நிற்பது ஐஎஸ்ஆரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. லிமிட் சுவிட்ச் மோட்டார் பவரை நேராக வெட்ட வேண்டும். அப்படி இல்லாத கேட் வந்தால் அதை நிறுவிய ஆளைக் கூப்பிட்டு மாற்றச் சொல்கிறேன், கோடை மட்டும் திருத்திக் கொடுப்பதில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அறிகுறி 3: எப்போதாவது எண் தாறுமாறாகக் குதிக்கிறது

255 வரை ஒழுங்காகப் போய், ஒரே ஒரு முறை 511 காட்டி, அடுத்த முறை 256 என்று திரும்பி வருகிறது. அல்லது நடுவில் ஒரு 0. நாளைக்கு ஒன்றோ இரண்டோ முறை. இந்த எண்களைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும்.

ஏடிமெகா 8 பிட் சிப். 16 பிட் எண்ணை இரண்டு கடியாகத்தான் படிக்கும். 255 என்பது மேல்பாதி 0, கீழ்பாதி 255. மெயின் லூப் கீழ்பாதியைப் படித்து 255 என்று கையில் வைத்திருக்கும்போது இண்டரப்ட் வந்து எண்ணை 256 ஆக்கிவிட்டால், திரும்பி வந்து படிக்கும் மேல்பாதி 1. சேர்த்தால் 511.

செய்ய வேண்டியது: எஸ்ரெக் ரிஜிஸ்டரை (இண்டரப்ட் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது இதில்தான் இருக்கும்) ஒரு இடத்தில் சேமி, இண்டரப்ட்டை மூடு, எண்ணை உள்ளூர் மாறிக்கு நகல் எடு, எஸ்ரெக்கைத் திரும்பப் போடு. நான்கே வரி. கடைசி வரியில் இண்டரப்ட்டை நேராகத் திறந்துவிடுவது பலர் செய்யும் பிழை: இந்தக் கோடை ஏற்கெனவே மூடியிருக்கும் இடத்திலிருந்து யாராவது கூப்பிட்டால், அவருக்குத் தெரியாமலே அவர் கதவை நீங்கள் திறந்துவிடுவீர்கள். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வையுங்கள்.

‘நான் வாலடைல் போட்டிருக்கிறேனே’ என்பார்கள். வாலடைல் போட்டால் கம்பைலர் ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்து புதிதாகப் படிக்கும், அது கட்டாயம் வேண்டும். ஆனால் பாதி படிக்கும்போது இண்டரப்ட் நுழைவதை அது தடுக்காது. வாலடைல் இல்லாததற்கு அறிகுறியே வேறு: ஐஎஸ்ஆர் கொடியை ஏற்றியும் மெயின் லூப் பார்க்காமலே சுற்றும், நடுவில் ஒரு சீரியல் பிரிண்ட் போட்டால் திடீரென்று வேலை செய்யும், எடுத்தால் நின்றுவிடும். அப்படி நடந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

படித்தவுடன் எண்ணை 0 ஆக்கும் பழக்கத்தையும் விடுங்கள். படிப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவில் வந்த பல்ஸ் போயே போய்விடும். எண் ஏறிக்கொண்டே இருக்கட்டும், போன முறை படித்ததைக் கழித்துக்கொள்ளுங்கள்.

32 பிட் சிப்பில் ஒரு எண்ணை ஒரே கடியில் படிக்கலாம், ஆனால் மெயின் லூப்பில் ஒன்று கூட்டுவது அங்கேயும் படி, கூட்டு, எழுது என்று மூன்று வேலை. ஈஎஸ்பி32-இல் இன்னும் ஒரு படி அதிகம். இரண்டு கோர், ஒரு கோரில் இண்டரப்ட்டை மூடினால் இன்னொரு கோர் தன் பாட்டுக்கு எழுதும். அதற்கு ஃப்ரீஆர்டிஓஎஸ் (ஈஎஸ்பி32-இல் வேலைகளைப் பிரித்து ஓட்டும் சிஸ்டம்) தரும் ஸ்பின்லாக்கோடு சேர்ந்த கிரிட்டிகல் செக்‌ஷன்தான் வழி, ஐஎஸ்ஆருக்குள் அதன் ஐஎஸ்ஆர் வடிவம்.

அறிகுறி 4: உறைந்து நிற்கிறது, அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

எழுதி வைத்த ரீசெட் காரணத்தைப் பாருங்கள்.

பிரவுன்அவுட் (வோல்ட் இறங்கியதால் வந்த ரீசெட்) என்றால் கோடைத் தொடாதீர்கள். பம்ப் கிளம்பும் நொடியில் 5 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஊனோவில் பிரவுன்அவுட் எல்லை 2.7 வோல்ட், ஆனால் 16 மெகாஹெர்ட்ஸில் ஓட சிப்புக்குச் சுமார் 3.8 வோல்ட் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இறங்கினால் ரீசெட்டும் ஆகாது, ஒழுங்காகவும் ஓடாது, உறைந்து நிற்கும். ஃபியூஸ் பிட்டை (சிப்புக்குள் இருக்கும் செட்டிங், மின்சார ஃபியூஸ் இல்லை) மாற்றி எல்லையை 4.3 ஆக்கினால் ஒழுங்காக ரீசெட்டாவது ஆகும். நிரந்தரத் தீர்வு, போர்டுக்கும் ரிலேக்கும் வேறு வேறு சப்ளை.

பவர் நன்றாக இருந்தால் ஐஎஸ்ஆரைத் திறந்து பாருங்கள். உள்ளே டிலே இருக்கிறதா? டிலே நகர்வதற்கு டைமர்0-வின் இண்டரப்ட் வேண்டும், அது உங்கள் ஐஎஸ்ஆர் முடியும் வரை உள்ளே வர முடியாது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். எஸ்டிஎம்32-இல் ஹேல் டிலேயை ஐஎஸ்ஆருக்குள் போட்டாலும், சிஸ்டிக்கின் (அந்த டிலேக்கு நேரம் எண்ணும் டைமர்) முன்னுரிமை அதை விடத் தாழ்ந்தோ சமமாகவோ இருந்தால் அதே கதி. கார்டெக்ஸ்-எம் சிப்பில் சிறிய எண்தான் பெரிய முன்னுரிமை, இதில் தடுக்கி விழாதவர் இல்லை. சீரியல் பிரிண்ட்டும் அப்படியே, பஃபர் நிறைந்தால் காலியாகும் வரை ஐஎஸ்ஆருக்குள்ளேயே காத்திருக்கும்.

இண்டரப்ட் வந்ததும் போர்டு முதலிலிருந்து தொடங்குகிறதா? ஏவிஆரில் ஒரு இண்டரப்ட்டைத் திறந்துவிட்டு அதற்கு ஐஎஸ்ஆர் எழுதாமல் விட்டால், கம்பைலர் போட்டு வைத்த இயல்பு வழி ரீசெட் முகவரிக்குத் தாவும். ஐஎஸ்ஆரின் பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் இதேதான், கம்பைலர் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும். எச்சரிக்கைகளைப் படியுங்கள்.

ஐஎஸ்ஆருக்குள் இண்டரப்ட்டைத் திறந்துவிடும் கோட் வந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஸ்டாக் ஏறும், ஏடிமெகா328பி-யில் மொத்த ரேமே 2 கிலோபைட்.

ஈஎஸ்பி32 சீரியலில் ‘இண்டரப்ட் டபிள்யூடிடி டைம்அவுட்’ என்று கத்தினால் ஐஎஸ்ஆர் நீளம், அல்லது கிரிட்டிகல் செக்‌ஷன் நீளம். செட்டிங்கைச் சேமிக்கும் நேரத்தில் மட்டும் ‘கேஷ் டிசேபிள்ட்’ என்று விழுந்தால், ஃப்ளாஷில் எழுதும் நேரத்தில் ஃப்ளாஷிலேயே இருக்கும் ஐஎஸ்ஆரைக் கூப்பிட்டிருக்கிறது. ஐஎஸ்ஆரையும் அது கூப்பிடும் ஃபங்ஷன்களையும் ஐராமில் (சிப்பின் உள் ரேம்) வையுங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் கியூவில் போடும்போது ‘ஃப்ரம்ஐஎஸ்ஆர்’ என்று முடியும் ஃபங்ஷனை மட்டும் பயன்படுத்துங்கள்.

வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் கோட் தொடாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) இருந்தும் உறைகிறது என்றால், அதற்கு எங்கே சோறு போடுகிறீர்கள் என்று தேடுங்கள். டைமர் ஐஎஸ்ஆரில் போட்டிருந்தால் மெயின் லூப் செத்துக் கிடந்தாலும் டைமர் ஊட்டிக்கொண்டே இருக்கும். மெயின் லூப்பில் ஒரே இடத்தில் போடுங்கள்.

இடி மின்னலுக்குப் பிறகு தொடங்கிய உறைதல் என்றால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். கோலாலம்பூரில் சாயங்கால இடிக்குப் பிறகு வரும் போர்டுகளைத் தனியாகவே வைக்கிறேன், பாதி செத்த பின்கள் கோட் பிழை மாதிரியே நடிக்கும். வேறு போர்டு மாட்டி ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் பழையதை விட்டுவிடுங்கள்.

அறிகுறி 5: நேரம் தப்பாகிறது

எவ்வளவு தப்பு என்று அளந்தால் காரணம் அதிலேயே இருக்கும்.

1 விநாடி 16 விநாடியானால் புது சிப் மாற்றியிருப்பீர்கள். கடையிலிருந்து வரும் ஏடிமெகா328பி உள் கிளாக் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஃபியூஸை மாற்றுங்கள்.

4.2 விநாடியானால், டைமர்1-இல் 1024 பிரீஸ்கேலர் (கிளாக்கை வகுக்கும் எண்) வைத்து சிடிசி பிட்டை (குறித்த எண்ணில் டைமரைப் பூஜ்யத்துக்குத் திருப்புவது) மறந்திருக்கிறீர்கள், டைமர் 65,536 வரை ஓடித்தான் திரும்புகிறது. 256 பிரீஸ்கேலரில் இதே மறதி மிகவும் ஏமாற்றும்: 1.0486 விநாடி. எல்ஈடி மின்னுவதைப் பார்த்தால் சரி மாதிரியே இருக்கும், ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் பிந்தும். டைமர் திரும்ப வேண்டிய எண்ணை வைக்கும் ஓசிஆர்1ஏ ரிஜிஸ்டரில் 1024-க்கு 15624, 256-க்கு 62499. ஒன்று குறைத்துத்தான் எழுத வேண்டும், டைமர் பூஜ்யத்தையும் எண்ணும். ஓடும்போது ஓசிஆர் எண்ணைக் குறைத்தால், டைமர் ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்தால் ஒரு முழுச் சுற்று போய்விட்டு வரும்.

அனலைசரில் மில்லிஸ் (போர்டு ஆன் ஆனதிலிருந்து ஆன மில்லி விநாடியைச் சொல்லும் ஃபங்ஷன்) மட்டும் பிந்தினால் அறிகுறி 2-க்குப் போங்கள். 144 எல்ஈடி பட்டையை ஒரு முறை புதுப்பிக்கும்போதே மில்லிஸின் மூன்று டிக் காணாமல் போகும். சர்வோ லைப்ரரி சேர்த்த பிறகு 9, 10 பின்களில் பிடபிள்யூஎம் செத்தால் அது டைமர்1-ஐ எடுத்துக்கொண்டது. டோன் போட்டால் டைமர்2, 3-ம் 11-ம் போகும். டைமர்0-வை நீங்கள் மாற்றினால் மில்லிஸ், டிலே எல்லாம் கோணலாகும், அதை விட்டுவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் நாளைக்குச் சில நிமிடம் பிசகுகிறது என்றால் ரெசனேட்டர்தான். ஊனோவில் சிப்புக்கு இருப்பது செராமிக் ரெசனேட்டர், அரை சதவீதப் பிசகு என்றாலே நாளைக்கு 7 நிமிடம். கோடில் சரிக்கட்டாதீர்கள், வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டியில் மறுபடி மாறும். டிஎஸ்3231 வாங்கி மாட்டினால் வருடத்துக்கே இரண்டு நிமிடத்துக்குள் நிற்கும்.

அறிகுறி 6: ஐஎஸ்ஆர் வரவே இல்லை

ஊனோவில் வெளி இண்டரப்ட் 2, 3 பின்களில் மட்டும். வேறு பின்னில் மாட்டியிருந்தால் வயரை மாற்றுங்கள். டைமர்1 ஐஎஸ்ஆர் வரவில்லை என்றால், அர்டுயினோ தொடங்கும்போதே பிடபிள்யூஎம்முக்காக டிசிசிஆர்1ஏ-யில் ஒரு பிட்டை ஏற்றி வைத்திருக்கும். அதை முதலில் 0 ஆக்காமல் சிடிசி பிட்டை மட்டும் சேர்த்தால் டைமர் 255-க்கு மேல் போகாத வேறு முறையில் ஓடும், 15624-ஐத் தொடவே தொடாது. டிசிசிஆர்1ஏ, டிசிசிஆர்1பி இரண்டையும் 0 ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி 7: நன்றாக ஓடி, ஒரு நாள் நிற்கிறது

32 விநாடியிலோ 65 விநாடியிலோ நின்றால் மில்லிஸை ‘இன்ட்’ மாறியில் வைத்திருக்கிறீர்கள், ஏவிஆரில் அது 16 பிட். ஏழு வாரம் கழித்து நின்றால் 49.7 நாள் கணக்கு: மில்லிஸ் 4,294,967,296-ஐத் தொட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. ‘இப்போது, தொடங்கியது கூட்டல் இடைவெளியை விடப் பெரிதா’ என்று கேட்கும் வரிகளைத் தேடுங்கள். ‘இப்போது கழித்தல் தொடங்கியது, இடைவெளியை விடப் பெரிதா’ என்று மாற்றி, எல்லாவற்றையும் குறியில்லாத 32 பிட் மாறியில் வையுங்கள். கழித்தல் பூஜ்யத்தைத் தாண்டினாலும் சரியாக வரும்.

இதைச் சோதிக்க 49 நாள் காத்திருக்க வேண்டாம். மில்லிஸை நேராகக் கூப்பிடாமல் உங்கள் சொந்த ஃபங்ஷன் ஒன்றின் வழியாகக் கூப்பிடுங்கள், அதில் 4,294,907,296-ஐக் கூட்டித் திருப்பி அனுப்புங்கள். போர்டை ஆன் செய்து சரியாக ஒரு நிமிடத்தில் எண் பூஜ்யத்துக்கு உருளும். அந்த ஒரு நிமிடத்துக்குள் காசு போட்டு, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உருள விடுங்கள். பாட்டில் நிறைந்ததும் வால்வு மூடினால் கூட்டிய எண்ணை எடுத்துவிட்டுப் போர்டை மெஷினில் மாட்டலாம்.